மக்ரெகர் துரையின் போர்வை

தாடையைக் கட்டுவதற்காகப் பழைய தலையணை உறை ஒன்றைக் கிழித்துக்கொண்டிருந்தாள் அமலி. ஓரத் தையல் விடவில்லை. பல்லில் கடித்து இழுத்ததும் உறை சரசரவென்று நீளமாகக் கிழிந்தது. அந்தச் சத்தத்துக்கு அப்பா விழித்துவிடுவாரோ என்று ஒரு கணம் நினைத்தாள். பகலில் அயர்ந்து தூங்கும்போது அடுத்த அறையில் ஒரு தாள் கிழிந்தாலும் பாக்கியசாமி எழுந்துவிடுவார். "என்ன கிழிக்கற? தேதி பாத்தியா?" என்பார். முப்பத்தெட்டு வருஷம் ஸ்காட்லாந்துக்காரர்களின் மரக் கம்பெனியில் தட்டச்சு செய்தவர். தேதி பார்க்காமல் எந்தத் தாளையும் கிழிக்கவிட மாட்டார்.

அவர் இறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கீழே, ரங்கூனின் பசுந்தாங் பகுதியில், முதல் பஸ் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம் மூன்றாவது மாடிவரை கேட்டது.

"ம்மா, தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

மக்தலேனா இடது கையால் மட்டும் தூக்கினாள். வலது கை மூடியே இருந்தது.

"சாவியக் கீழ வச்சிட்டு ரெண்டு கையால பிடிங்கம்மா."

"ஒரு கை போதும். நீ கட்டு."

அமலி கட்டினாள். முடிச்சு உச்சந்தலையில் வந்தது. அது அவருக்குப் பல்வலி வந்தவர் போன்ற ஒரு தோற்றத்தைக் கொடுத்தது. அவர் கிடந்த கட்டிலுக்கு அடியில் கறுப்புத் தகரப் பெட்டி இருந்தது. அதன் மூடியில் வெள்ளை வர்ணத்தில் எழுதிய இரண்டு இங்கிலீஷ் எழுத்துகள் பாதி அழிந்திருந்தன. அம்மா மூடிவைத்திருக்கும் சாவி அந்தப் பெட்டிக்குத்தான்.

முந்தாநாள் சாயங்காலம் அப்பா கடைசியாகத் தெளிவாகப் பேசியது அந்தப் பெட்டியைப் பற்றித்தான். "மக்தலேனா, துரையோட போர்வைய சவப்பெட்டி மேல போடணும். கல்லறை வரைக்கும் இருக்கட்டும்." அம்மா சரி என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை.

*

மக்ரெகர் துரை கம்பெனியின் இரண்டாவது மேனேஜர். அவருக்குத் தன் குலத்தின் வரலாற்றை எழுத வேண்டும் என்று ஆசை. ஆபீஸ் முடிந்த பிறகு அவர் சொல்லச் சொல்லப் பாக்கியசாமி அடிப்பார். அப்படி ஐந்து வருஷம் நடந்தது. யார் யாருக்குப் பிறந்தான், எந்தக் கோட்டை எரிந்தது, எந்தத் தலைவனை எடின்பரோவில் தூக்கிலிட்டார்கள் என்பதெல்லாம் வரும். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் அந்தக் கிளையினர் உடுத்திய டார்ட்டன் துணியின் நூல் கணக்கு வரும். கட்டம் போட்ட துணியைப் படமாக வரைய வேண்டியதில்லை. இத்தனை நூல் சிவப்பு, இத்தனை பச்சை, இத்தனை வெள்ளை என்று வரிசையாக எழுதினால் போதும். கடைசி எண்ணுக்கு வந்ததும் அதே வரிசை பின்னோக்கித் திரும்பும். உலகத்தில் எந்த நெசவாளியும் அந்தக் கணக்கைப் பார்த்து அதே துணியை நெய்துவிடலாம் என்று அப்பா சொல்வார்.

நாற்பத்திரண்டு பிப்ரவரியில் ஜப்பான்காரன் நெருங்கியபோது துரை ஒரு கைப்பையோடு புறப்பட்டார். கம்பளிப் போர்வை கனமாக இருந்தது. பெரிய சிவப்புக் கட்டம், பச்சைக் கட்டம், அவற்றுக்கு நடுவே நூல் போல ஒரு வெள்ளைக் கோடு. அவருடைய தாத்தா போர்த்தியது. "வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று பெட்டியோடு பாக்கியசாமியிடம் கொடுத்தார். வரவில்லை. வடக்கே நடந்து போனவர் அஸ்ஸாம் எல்லையில் காய்ச்சலில் இறந்தார் என்று சண்டை முடிந்த பிறகு கம்பெனிக்கு ஒரு வரிக் கடிதம் வந்தது.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு முறை, நவம்பர் முப்பதாம் தேதி, ஸ்காட்லாந்துக்காரர்களின் அந்திரேயா திருநாளன்று, பெட்டி திறக்கும். அம்மா போர்வையை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடிப்பாள். அப்பா நாலடி தள்ளி, வெளுத்த சட்டையும் மடிப்புக் கலையாத லோஞ்ஜிக் கைலியுமாக நிற்பார். ஒரு நிமிஷம் பார்ப்பார். "சரி, வை" என்பார். ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. அடுத்தவர் பொருளுக்கு அப்பா கொடுக்கும் மரியாதை அது என்று அமலி நினைத்திருந்தாள். அந்த மரியாதைதான் அம்மாவையும் அவளையும் இத்தனை வருஷம் காப்பாற்றிவந்தது.

ஏனென்றால் பெட்டிக்குள் இருந்தது துரையின் போர்வை அல்ல.

*

"களவு போச்சுன்னு சொல்லிடலாமா?" என்றாள் மக்தலேனா.

அடுப்படியில் இருவரும் நின்றிருந்தார்கள். கூடத்தில் பக்கத்து வீட்டு டோ கின் மாவும் இன்னும் இரண்டு பெண்களும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அமலியின் கணவன் மரியஜோசப் சவப்பெட்டிக்கும் வண்டிக்கும் சொல்லிவர மழையில் போயிருந்தான்.

"போன நவம்பர்ல பாத்தாரே. அதுக்கப்பறம் மூணாவது மாடி ஏறி வந்து எவன்மா துணிய மட்டும் திருடுவான்?"

"பூச்சி அரிச்சிடுச்சின்னு சொல்வோம்."

"யார்கிட்டம்மா? கேக்கறவருதான் போயிட்டாரே."

"கம்பெனி சபாபதி அண்ணே வருவாரு. அவரு அந்தப் போர்வையத் துரை நாற்காலில தெனம் பாத்தவரு. தொட்டாலே தெரிஞ்சிடும்." மக்தலேனா கொதிக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அவரு கண்டுபிடிச்சா அது கூடப் பரவால்ல. உங்கப்பா தலைமாட்டுல வச்சில்ல கண்டுபிடிப்பாரு. இருவது வருஷம் இந்த மனுஷனை நிக்க வச்சு ஏமாத்தியிருக்கேன். பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட கூட சொல்லல. நாளைக்கு சொல்லலாம், நாளைக்கு சொல்லலாம்னு…"

அமலி சர்க்கரை டப்பாவைத் திறந்து மூடினாள்.

அவளுக்குப் போர்வை போன கதை நினைவிருந்தது. ஜப்பான் காலத்தில் அவர்கள் ரங்கூனுக்கு வெளியே த்வாண்டேயில் ஒரு சட்டிபானைக்காரர் வீட்டுக் கொட்டகையில் இருந்தார்கள். அப்பாவை ஜப்பான்காரர்கள் ரயில் பாதை போடும் இடத்தில் கணக்கெழுதப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. துணி என்பது கண்ணில் படாத காலம். எட்டு வயது அமலி அரிசிக் கோணியில் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். போன வருஷம் கப்பலேறித் தாய்நாட்டுக்குப் போய்விட்ட தம்பிக்கு அப்போது குளிர்க் காய்ச்சல். அம்மா முதலில் போர்வையை அவன்மேல் போர்த்தினாள். காய்ச்சல் விட்டதும் ஒரு நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அரிவாள்மணையில் வைத்து அறுத்தாள். தம்பிக்கு ஒரு சட்டை, அமலிக்கு ஒரு கவுன், மிச்சத்தில் அம்மாவுக்கு ஒரு மேல்துணி. கழுத்தில் கம்பளி அரித்த அரிப்பு இன்றும் அமலிக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தக் கவுன் மழையில் நனைந்தால் ஆட்டு வாடை வீசும்.

சண்டை முடிந்து, அப்பா வருகிறார் என்று ஆள் சொன்ன வாரத்தில், அம்மா வீட்டில் மிச்சமிருந்த பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு பசுந்தாங் சந்தையில் துணி வியாபாரி காஜா மைதீனிடம் போனாள். பழவேற்காட்டுக் கைலி இரண்டு, சிவப்பும் பச்சையும் கட்டம் போட்டது, கடைக்கு அடியில் எங்கோ ஒளித்து வைத்திருந்ததை அவர் எடுத்துக் கொடுத்தார். நடுவில் வெள்ளைக் கோடு இல்லை, மஞ்சள் கோடு இருந்தது. அதைவிட ஒத்துப்போவது ஒன்றும் கிடைக்கவில்லை. அகலம் போதாமல் இரண்டையும் ஒட்டித் தைத்தாள். சிவப்பு நூல் அந்த ஊரிலேயே இல்லை. கறுப்பு நூல்தான் இருந்தது.

"அவரு எதையும் ரெண்டு தடவ சரி பாக்கறவரு, அமலி. என்னைய மட்டும் ஒரு தடவ கூட சரி பாக்கல." மக்தலேனா அடுப்பை அணைத்தாள். "அந்தத் துணிய அவரு மேல போட்டா, கடைசிப் பொய்யையும் சொல்லி அனுப்பின மாதிரி ஆயிடும். போடலன்னா கேட்டத செய்யாத மாதிரி. நான் என்ன பண்ணட்டும்?"

அமலி அடுப்பிலிருந்து தண்ணீரை இறக்கினாள். அவள் தேநீர்க் கோப்பைகளைத் தட்டில் அடுக்கினாள்.

*

சபாபதி பத்து மணிக்கு வந்தார். வாசலில் குடையை உதறி, செருப்பைக் கழற்றி, நேராகப் போய்ப் பாக்கியசாமியின் காலடியில் நின்றார். கம்பெனியில் தபால் பிரிவில் இருந்தவர். இருவரும் முப்பது வருஷம் ஒரே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தவர்கள்.

"முன்னாடி போயிட்டான். என்னைக்குத்தான் இவன் லேட்டா போனான்" என்றார். பிறகு மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். மழைத்தண்ணீர்தான் என்பது போல நெற்றியில் ஆரம்பித்துத் துடைத்தார்.

மெழுகுத் துணியில் சுற்றிய ஒரு கட்டு அவர் அக்குளில் இருந்தது. அதை அமலியிடம் நீட்டினார்.

"போன மாசம் உங்கப்பா எங்கிட்ட குடுத்து வச்சான். நான் போன பெறகு அமலி கையில குடுன்னான். ஞானஸ்நானச் சீட்டு, கல்யாணச் சீட்டு எல்லாம் இதுலதான்னு சொன்னான். மீதி எல்லாம் அந்த மக்ரெகர் பயலுக கதை."

"சாமியார் ஞானஸ்நானச் சீட்டுக் கேட்டிருக்காரு மாமா. கோயில் புத்தகத்துல எழுதணுமாம்."

"அப்ப தேடு. ஐநூறு தாள் இருக்கும்."

மரியஜோசப் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தான். சவப்பெட்டி மூன்று மணிக்கு வரும், வண்டி நாலு மணிக்கு என்றான். சபாபதி அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். துக்க வீட்டில் பேசாமல் உட்கார அவருக்குத் தெரியாது.

"உங்க மாமனாருக்கு அந்த வம்சத்து மேல இருந்த பாசம் தெரியுமா? அவங்க ராஜா ஒருத்தன் சட்டம் போட்டான். ஆயிரத்தி அறுநூத்தி மூணு. மக்ரெகர்னு எவனும் பேர் வச்சுக்கக் கூடாது. வச்சுக்கிட்டா சாவு. கைல சாப்பிடற கத்தியத் தவிர வேற ஆயுதம் கூடாது. நடுவுல கொஞ்ச நாள் விட்டான், மறுபடி போட்டான். சட்டத்த எடுக்கறப்போ நூத்தி எழுவத்தோரு வருஷம் ஆயிடுச்சு. அந்தப் பக்கத்த இவன் மூணு தடவ அடிச்சான்."

"அதுவரைக்கும் அவங்க என்ன பேர் வச்சுக்கிட்டாங்க?"

"கெடச்ச பேரு. ஒருத்தன் மர்ரே, ஒருத்தன் கிராண்ட், ஒருத்தன் எதிரி பேரையே வச்சுக்கிட்டான். வீட்டுக்குள்ள மட்டும் பழைய பேரு."

மரியஜோசப் சிரித்தான். "நம்ம துறைமுகத்துலயும் இப்ப அதான். வெளிய பர்மாப் பேரு, கோ தான் வின். வீட்ல தங்கமணி."

"என் மகன் ஊ சான் மாவுங் ஆயிட்டான். போன மாசம் சந்தைல பழைய பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிப் பாக்கல. சரி, காது கேக்கலன்னு நெனச்சுக்கிட்டேன்." சபாபதி தேநீரை உறிஞ்சினார். "ஆனா பாக்கியம் லேசுப்பட்டவன் இல்ல. இந்த டார்ட்டன் இருக்கே, அதெல்லாம் ஆதி காலத்துலருந்து வந்ததுன்னு துரை நெனச்சிட்டிருந்தாரு. புத்தகமெல்லாம் வரவழச்சுப் பாத்தா, இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம்னு உறுதியானதே நூறு சொச்சம் வருஷம் முன்னாடிதான். அவங்க ராஜா எடின்பரோவுக்கு வரப்போறான்னதும் ஆளாளுக்குத் துணி கேட்டாங்க. நெய்யறவன் தன்கிட்ட இருந்த கட்டத்துக்கெல்லாம் ஒவ்வொரு குலத்துப் பேரா வச்சு வித்தான். இவன் துரைகிட்டயே கேட்டுட்டான். அப்போ ஒரு துணிய ஒரு குடும்பம் தன்னோடதுன்னு சொல்லிட்டா, அது அவங்களோடதாயிடுமா சார்னு. துரை ரெண்டு நாள் இவன்கூடப் பேசல. மூணாவது நாள் வந்து, ஆமாம்னு அடின்னாரு."

அமலி தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் கம்பெனியின் நீலக்கோட்டுக் காகிதம். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் அதே நான்கு தலைப்புகள்: குலம், ஊர், நூல் கணக்கு, நெய்தவர். கடைசி அத்தியாயத்துக்குக் கீழே ஞானஸ்நானச் சீட்டு ஓர் உறைக்குள் கிடைத்தது. அதை எடுத்து மரியஜோசப்பிடம் கொடுத்தாள். அவன் மறுபடி மழையில் இறங்கினான்.

உறைக்கு அடியில் இன்னும் ஒரு தாள் இருந்தது.

அதே காகிதம், அதே நான்கு தலைப்புகள். தேதி 1946, டிசம்பர் ஒன்று. அமலி முதலில் அது வழிதவறிய ஒரு பக்கம் என்று நினைத்தாள். பிறகு படித்தாள். நின்றுகொண்டே இன்னொரு தடவை படித்தாள்.

"மாமா, சண்டை முடிஞ்சு அப்பா திரும்பின புதுசுல, ஆபீஸ்ல எதாவது… துணி பாக்கறதுக்கு எதாவது கேட்டாரா?"

சபாபதி யோசித்தார். "துணியா? இல்லையே. ஒரு பூதக்கண்ணாடி கேட்டான். மரத்துல ரேகை பாக்கற சின்னக் கண்ணாடி. ஒரு ஞாயித்துக்கிழமைக்கு வேணும், வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்னான். எதுக்குடான்னேன். கண்ணு மங்குதுன்னான். மறுநாள் கொண்டுவந்து வச்சிட்டான். ஏம்மா?"

"ஒண்ணுமில்ல மாமா."

ஞாயிற்றுக்கிழமை. அம்மா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போயிருப்பாள். அப்பா இருமல் என்று சொல்லி வீட்டில் இருந்திருப்பார். பெட்டிச் சாவி அப்போது சுவர் ஆணியில் தொங்கும். அமலிக்கு அந்த அறை அப்படியே தெரிந்தது: ஜன்னல் ஓரம், தரையில் விரித்த துணி, குனிந்து எண்ணும் ஒரு மனிதர்.

அதற்குப் பிறகு பத்தொன்பது நவம்பர்கள் அவர் நாலடி தள்ளி நின்றிருக்கிறார்.

*

சவப்பெட்டி வந்தபோது மூன்றரை ஆகியிருந்தது. தேக்கு இல்லை, ஏதோ வெள்ளை மரம். மூடி ஆணியடித்தார்கள். மூன்று மாடிக்கும் ஒரே செங்குத்தான படிக்கட்டு. பெட்டியைச் சாய்த்துத்தான் இறக்க வேண்டும் என்பதால் கயிறு கட்ட வேண்டும் என்றான் மரியஜோசப்.

"துரையோட போர்வை எங்க தங்கச்சி?" என்றார் சபாபதி. "அத மேல போட்டுட்டுக் கயிறு கட்டிடலாம். எங்கிட்டயும் சொல்லியிருந்தான்."

மக்தலேனா சுவரோடு சாய்ந்து நின்றாள். அமலி அவளிடம் போய் வலது கையைப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியை எடுத்தாள். அம்மா தடுக்கவில்லை, மகளின் முகத்தை மட்டும் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது.

தகரப் பெட்டி திறந்ததும் பாச்சா உருண்டை வாடை அடித்தது. அமலி துணியை உதறி விரித்துச் சவப்பெட்டியின்மேல் போட்டாள். கூடத்தில் இருந்த பெண்கள் அழகாயிருக்கிறது என்று பர்மியில் சொன்னார்கள். டோ கின் மா, வடக்கு மலைக் கச்சின்காரர்களின் லோஞ்ஜி மாதிரி இருக்கிறது என்றாள்.

சபாபதி குனிந்து ஓரத்தைச் சரிசெய்தார். இரண்டு விரலுக்கு நடுவே துணியைத் தேய்த்தார். கை நின்றது. மறுபடி தேய்த்தார். பிறகு மக்தலேனாவைப் பார்க்காமல், அமலியைப் பார்க்காமல், மடிந்திருந்த மூலையை நீவிவிட்டு நிமிர்ந்தார்.

"வெயில்ல போட்டு நல்லா வச்சிருக்கீங்க" என்றார். குடையைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அமலி அம்மாவைச் சவப்பெட்டிக்கு அருகே கொண்டுவந்தாள். சட்டைக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்தாள்.

"ம்மா, அப்பா அடிச்சது. படிக்கறேன், கேளுங்க."

"இப்ப என்னடி…"

"கேளுங்க. குலம், பாக்கியசாமி. ஊர், பசுந்தாங், ரங்கூன். நூல் கணக்கு, சிவப்பு நாப்பத்தி எட்டு."

மக்தலேனாவுக்கு முதலில் விளங்கவில்லை. அமலி அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் துணியின் அகலமான சிவப்புப் பட்டையில் வைத்தாள்.

"பச்சை இருபது."

விரல் தானாக அடுத்த பட்டைக்கு நகர்ந்தது.

"சிவப்பு ஆறு. பச்சை பத்து. மஞ்சள் ரெண்டு."

மஞ்சள் கோட்டில் விரல் நின்றது. அதற்கு அப்பால் இரண்டு கைலிகளும் சேரும் இடம். இருபது வருஷத்துக்கு முன்பு சிம்னி விளக்கில் ஓட்டிய தையல், சில இடங்களில் நெருக்கமாக, சில இடங்களில் அகலமாக.

"கறுப்பு ஒண்ணு" என்றாள் அமலி. "இங்கிருந்து பின்னோக்கித் திரும்பவும்."

மக்தலேனா விரலை அந்தத் தையலின்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். கீழே வண்டிக்காரன் மணி அடித்தான்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா. நெய்தவர்னு போட்டு, உங்க பேரு."

மக்தலேனா தாளை வாங்கினாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். பிறகு நாலாக மடித்து, சாவி இருந்த அதே கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

மரியஜோசப்பும் மற்ற மூவரும் கயிறு கட்டினார்கள். தையல் முடியும் இடத்தில், துணியின் ஓரத்தில், கறுப்பு நூல் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. கயிற்றில் சிக்கும் என்று மரியஜோசப் அதைப் பிடித்து அறுக்கப் போனான். மக்தலேனா அவன் கையைத் தட்டினாள்.

"இருக்கட்டும்."

பெட்டியைச் சாய்த்துப் படியில் இறக்கினார்கள். அமலி அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். கீழே மழை சிறுத்திருந்தது. சபாபதி தன் குடையைப் பெட்டியின் தலைப்பக்கம் விரித்துப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தார். கால்பக்கம் குடை எட்டவில்லை. அங்கே சிவப்பு மெல்ல மெல்லக் கருஞ்சிவப்பானது. தொங்கிய நூலின் நுனியில் ஒரு துளி சேர்ந்து, கனத்து, விழுந்தது. அடுத்தது சேர ஆரம்பித்தது.